ஸ்ட்ரிப்பில் 18, ரோட்டில் 32

"ஒரே செட் டயர் போதும், ரோட்டுக்கும் அதுதான், டிராக் ஸ்ட்ரிப்புக்கும் அதுதான்." பவர் ஏற்றிய கார் பற்றிப் பேச்சு எழும் இடத்திலெல்லாம் இந்த வாக்கியமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. டிராக் ஸ்ட்ரிப் (drag strip) என்பது நின்ற நிலையிலிருந்து கால் மைல் நேர்க்கோட்டில் பந்தயம் ஓடும் தளம். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஒரு மஸ்டாங் ஜிடிக்கு அது கிட்டத்தட்ட உண்மைதான். அதே காரில் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் ஏறி, பவரை அளக்கும் டைனோவில் பின்சக்கரத்தில் 650, 700 குதிரைத்திறன் என்று வர ஆரம்பித்த பிறகும் அந்த வாக்கியத்தை அப்படியே நம்புவதுதான் உறுத்துகிறது. எஞ்சினுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொட்டுகிறார்கள், டயர் என்று வந்ததும் "எல்லாத்துக்கும் ஒண்ணா ஏதாவது சொல்லுங்க" என்கிறார்கள். எல்லாத்துக்கும் ஒன்றாக ஏன் வராது என்பதை ஒரே ஒரு எண்ணை வைத்துச் சொல்லிவிடலாம். அந்த எண் 18, பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) சொல்லும் டயர் காற்றழுத்தம். அதற்குப் போவதற்கு முன்னால் முதல் 60 அடியைப் பார்க்க வேண்டும்.

முதல் 60 அடி

கால் மைல் ஓட்டத்தின் நேரங்கள் அச்சாகி வரும் டைம் ஸ்லிப்பில் முதலில் பார்க்க வேண்டியது கடைசி வரியை அல்ல, 60 அடி நேரத்தை. நல்ல சம்மர் டயரில் பின்சக்கர டிரைவ் கார் அந்தத் தூரத்தை 2.0 நொடியில் கடந்தால் ஓட்டுநர் கெட்டிக்காரர். அதே கார் டிராக் ரேடியலில், அதாவது ஸ்ட்ரிப்புக்கான மென்மையான ரப்பர் டயரில், 1.5க்கு வரும். 60 அடி என்பது 18.3 மீட்டர். நின்ற நிலையிலிருந்து 2 நொடியில் அதைக் கடக்கச் சராசரி முடுக்கம் 0.93 ஜி (1 ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) வேண்டும், 1.5 நொடியில் கடக்க 1.66 ஜி வேண்டும். அரை நொடி வித்தியாசம்தான், ஆனால் தரையைப் பின்னால் தள்ளும் விசை ஏறத்தாழ 80 சதவீதம் கூடுகிறது. 60 அடியில் மிச்சப்படும் ஒவ்வொரு 0.1 நொடியும் கால் மைல் முடிவில் 0.15 முதல் 0.2 நொடியாகத் திரும்பக் கிடைக்கும் என்பது ஸ்ட்ரிப்பில் எல்லோரும் வைத்திருக்கும் கைக்கணக்கு. அரை நொடிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவ்வளவு நேரத்தை எஞ்சினில் தேடிப் பிடிக்க எவ்வளவு செலவாகும் என்பது எஞ்சின் கட்டியவர்களுக்குத் தெரியும்.

பள்ளியில் படித்த உராய்வுக் கணக்குப்படி 1 ஜிக்கு மேல் போவதே சந்தேகமாகத் தோன்றும். ரப்பர் அந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. சூடேறிய மென்மையான ரப்பர் தரையின் சிறு மேடு பள்ளங்களுக்குள் புகுந்து பிடிக்கிறது, கூடவே ஒட்டவும் செய்கிறது. ஸ்ட்ரிப்பில் இது இரட்டிப்பாகிறது. ஸ்டார்ட்டிங் லைனில் ஏற்கெனவே பல கார்கள் விட்டுப்போன ரப்பர் படலம் இருக்கும், அதன் மேல் டிராக்பைட் என்னும் பிசின் கலவையைத் தெளித்திருப்பார்கள். அந்த இடத்தில் நடந்தால் செருப்பு கழன்று தரையோடு நின்றுவிடும். டிராக் டயரின் ரப்பர் இப்படிப்பட்ட தரைக்காகச் செய்தது. அதே டயர், அதே கார், வெளியே நெடுஞ்சாலையின் வெறும் தாரில் அந்தப் பிடிப்பில் பெரும்பகுதியை இழந்துவிடும். அக்டோபர் மாத மிச்சிகன் காலை போன்ற குளிரில் அந்த ரப்பர் விறைத்து, சாதாரண டயரைவிட மோசமாக வழுக்கும். உறைபனிக் குளிரில் போட்டு வைத்தால் ரப்பரில் வெடிப்பு விழவும் வாய்ப்புண்டு.

அந்த 18

4,000 பவுண்டு எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். பின்பக்கம் 45 சதவீதம் என்றால், ஒவ்வொரு பின் டயர் மேலும் 900 பவுண்டு. காற்று 32 பி.எஸ்.ஐ. இருந்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். 18க்கு இறக்கினால் 50 சதுர அங்குலம். பக்கச்சுவரும் கொஞ்சம் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் உண்மையில் இவ்வளவு வராது, ஆனாலும் போகும் திசை இதுதான். கிளம்பும் நொடியில் முன்பக்கம் தூக்கி, எடை முழுக்கப் பின்னால் சாயும்போது அந்தப் பரப்பு இன்னும் விரியும். அதனால்தான் டிராக் ரேடியலை ஸ்ட்ரிப்பில் பெரும்பாலும் 14 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை வைக்கிறார்கள், பயஸ் பிளை ஸ்லிக்கை (பட்டனே இல்லாத வழவழப்பான பந்தய டயர்) அதற்கும் கீழே. ஒரு கனமான காருக்கு 18இல் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 1 பி.எஸ்.ஐ. இறக்கி, 60 அடி நேரம் குறைவது நின்ற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

இனி அதே 18ஐ மழையில் வைத்துப் பாருங்கள். விமான டயர்களை வைத்து நாசா கண்டறிந்த ஒரு எளிய சூத்திரம் உண்டு. பட்டன் இல்லாத அல்லது தேய்ந்துபோன டயர் எந்த வேகத்தில் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் என்பதை அது சொல்கிறது: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று வரும். 32 பி.எஸ்.ஐ.க்கு 59 மைல். 18க்கு 44 மைல். நல்ல பட்டன் உள்ள சாதாரண டயர் தண்ணீரைப் பள்ளங்கள் வழியே வெளியேற்றி இந்த எல்லையைத் தள்ளிப்போடும். டிராக் ரேடியலில் அந்தப் பள்ளங்கள் பெயருக்கு இருக்கின்றன. சிலவற்றில் சுற்றிவர இரண்டே கோடுகள்தான். ஆக, ஸ்டார்ட்டிங் லைனில் காரைத் தூக்கி எறியும் அதே மெத்தென்ற அகலமான தடம், வீடு திரும்பும்போது மழை பிடித்தால் 44 மைலிலேயே காரைப் படகாக்கிவிடும். அகலமான டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டியிருப்பதால் இன்னும் பொல்லாதது.

என் பார்வையில் டயர் தேர்வு என்பதே இந்த இடத்தில்தான் திரும்புகிறது. எந்த பிராண்டு, எந்தக் கலவை என்பதெல்லாம் பிறகு. பரப்பைக் கூட்டும் அதே குறைந்த காற்று தண்ணீரைக் கிழிக்கும் திறனைக் குறைக்கிறது. இரண்டையும் ஒருசேரத் தரும் டயர் கிடையாது. காற்றை ஏற்றி இறக்கிச் சமாளிக்கலாம் என்றால் சமாளிக்கத்தான் வேண்டும், 18இல் நெடுஞ்சாலையில் ஓட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் டயரின் பாரம் தாங்கும் திறன் குறைந்து, பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறிக் கிழிந்துவிடும். காற்றைத் திரும்ப 32க்கு ஏற்றினாலும் பட்டன் முளைத்துவிடாது என்பதுதான் பிரச்சினை.

டாட் (DOT) முத்திரை இருக்கிறதே என்பார்கள். அமெரிக்க அரசின் பாதுகாப்பு விதிகளுக்கு டயர் பொருந்துகிறது என்று தயாரிப்பாளர் உறுதி கூறுவதற்கான அடையாளம் அது. மழைக்கு நல்லது என்ற சான்றிதழ் அல்ல. பக்கச்சுவரில் ட்ரெட்வேர் என்று போடும் எண்ணும் பிடிப்பைச் சொல்வதில்லை, தேய்மானத்தைத்தான் சொல்கிறது. டெக்சாஸ் சாலைகளில் 7,200 மைல் ஓட்டி, 100 என்று வைத்த ஒரு டயரோடு ஒப்பிட்டுத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் மதிப்பு அது. மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ்ஸில் 300, டோயோ ஆர்888ஆரில் 100, டிராக் ரேடியலில் 00 என்றுகூட இருக்கும். ஒரே கம்பெனியின் டயர்களுக்குள் ஒப்பிட உதவும், அதற்கு மேல் அதை நம்பி வாங்க வேண்டாம்.

டாட்ஜ் எடுத்த முடிவு

இந்த விஷயத்தில் நன்றாகப் பாடம் சொல்லும் கார் டாட்ஜ் சேலஞ்சர் டீமன். 2018இல் வந்தபோது ரேஸ் பெட்ரோலில் 840 குதிரைத்திறன், கால் மைல் 9.65 நொடி. நான்கு சக்கரத்திலும் 315/40ஆர்18 அளவில் நிட்டோ என்டி05ஆர் டிராக் ரேடியல். இதில் 315 மில்லிமீட்டரில் அகலம், 40 அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் உயரம் என்பது, 18 அங்குலத்தில் ரிம் விட்டம். 2023இல் டீமன் 170 வந்தது. எத்தனால் கலந்த ஈ85 எரிபொருளில் 1,025 குதிரைத்திறன், 8.91 நொடி. பவரைக் கூட்டிய கம்பெனி பின் ரிம்மைப் பெரிதாக்கவில்லை, 17 அங்குலமாகச் சிறிதாக்கியது. அதில் 315/50ஆர்17 மிக்கி தாம்ப்சன் ஈடி ஸ்ட்ரீட் ஆர். அகலம் அதே 315தான். மாறியது பக்கச்சுவரின் உயரம்: 126 மில்லிமீட்டரிலிருந்து 157 மில்லிமீட்டருக்கு மேல். முன்னால் 245 அளவில் ஒல்லியான டயர்.

கூடுதல் பவரைத் தாங்கக் கூடுதல் அகலம்தான் வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் நிதானமாக நின்று பார்க்க வேண்டும். உயரமான பக்கச்சுவர் இரண்டு வேலை செய்கிறது. கிளம்பும் கணத்தில் ரிம் முன்னே திரும்ப, டயரின் அடிப்பாகம் தரையிலேயே ஒட்டி நிற்க, நடுவில் பக்கச்சுவர் முறுக்கிக்கொண்டு அதிர்ச்சியை உள்வாங்குகிறது. இரண்டாவது, தடம் நீளவாக்கில் விரிகிறது. நேராகப் பாயும் காருக்கு நீளமான தடம்தான் வேண்டும். வளைவில் திரும்பும் காருக்குத்தான் குட்டையான, விறைப்பான பக்கச்சுவரும் 19, 20 அங்குல ரிம்மும் பொருந்தும். ஸ்ட்ரிப்புக்கென்று 20 அங்குல ரிம்மை வைத்துக்கொண்டு அதற்கு டிராக் ரேடியல் தேடுவது காசைக் கரைக்கும் வேலை. பின் பிரேக் இடம் கொடுத்தால் 17க்கு இறங்குங்கள். பிரேக்கையே மாற்றத் துணிந்தால் 15 அங்குல ரிம்மும் 275/60ஆர்15 டயரும் இன்னும் நல்லது. டிராக் ரேடியலில் கலவையும் கட்டமைப்பும் அதிகம் வளர்ந்திருப்பது அந்த அளவில்தான்.

அளவு மாற்றும்போது கியரும் மாறுகிறது என்பதை மறக்க வேண்டாம். மணிக்கு இத்தனை மைல் என்ற வேகத்தை ரியர் ஆக்சில் விகிதத்தாலும் (பின் அச்சின் கியர் விகிதம்) 336ஆலும் பெருக்கி, டயரின் விட்டத்தால் வகுத்தால் நேரடி கியரில் எஞ்சின் ஆர்.பி.எம். கிடைக்கும். 3.73 விகிதம், 28 அங்குல டயர், 130 மைல் என்றால் 5,819. 26 அங்குல டயர் என்றால் 6,266. முடிவுக்கோட்டில் கார் எந்த ஆர்.பி.எம்.இல் கடக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி டயர் விட்டத்துக்கு வாருங்கள். முன்னும் பின்னும் சுற்றளவு வித்தியாசம் அதிகமானால் ஏபிஎஸ்ஸும் டிராக்ஷன் கன்ட்ரோலும் குழம்பும். ஆல் வீல் டிரைவ் காராக இருந்தால் நான்கும் ஒரே சுற்றளவில் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும்.

ரேடியலா, பயஸ் பிளையா

கியர்பாக்ஸைக் கேட்டால் பாதி பதில் கிடைத்துவிடும். பயஸ் பிளையில் உள்ளே நூல்கள் ஒன்றையொன்று சாய்வாக வெட்டிச் செல்கின்றன, பக்கச்சுவர் துணிபோலச் சுருங்கும். கிளட்சைப் பட்டென்று விடும் மேனுவல் காரில் அந்த அடியை வாங்கிக்கொள்ள அந்தச் சுருக்கம் வேண்டும். கொஞ்சம் சுழன்றாலும் மறுபடி பிடித்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. வேகம் ஏற ஏற டயர் வீங்கி உயரமாகும். ரேடியலில் நூல்கள் குறுக்காக நேராக ஓடுகின்றன. உருளும்போது சக்தி குறைவாக வீணாகும் என்பதால் கடைசியில் வேகம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அதற்குப் பொறுமை கிடையாது. பிடித்தால் பிடிக்கும், ஒருமுறை சுழல ஆரம்பித்துவிட்டால் காலை எடுக்காமல் அது திரும்பப் பிடிக்காது. கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்டர் உள்ள ஆட்டோமேட்டிக், டர்போ, பவரைப் படிப்படியாக விடும் ட்யூன் என்றால் ரேடியல். கிளட்ச், லேசான கார், கெட்டியான சஸ்பென்ஷன் என்றால் பயஸ் பிளை.

பின்னால் பயஸ் பிளை, முன்னால் ரேடியல் என்று கலந்து போட்டுக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். லேன் மாற்றும்போது முன்பக்கம் உடனே கேட்கும், பின்பக்கம் சற்றுத் தாமதித்து ஆடும். ஸ்ட்ரிப்பில் நேர்க்கோட்டில் இது தெரிந்தவர்களுக்குக் கையாளக்கூடிய விஷயம். 70 மைலில் லாரிக்குப் பக்கத்தில் அப்படியல்ல. ரோட்டிலும் ஓட வேண்டிய காருக்கு ரேடியல் என்று நான் அழுத்திச் சொல்வதற்குப் பெரிய காரணம் இதுதான்.

டயர் விட்டுக்கொடுத்ததால் பிழைத்தவை

சாதாரண டயரில் கார் வழுக்கும்போது எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்த வழுக்கல் ஒரு ஃப்யூஸ். டயர் பிடிக்க ஆரம்பித்ததும் விசை அடுத்துப் பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். பழைய ஃபாக்ஸ்பாடி மஸ்டாங் 5.0வில் 28 ஸ்ப்லைன் (முனையில் 28 பற்கள் கொண்ட) ஆக்சில்கள் ஸ்லிக் போட்ட பிறகுதான் முறிய ஆரம்பித்தன. அந்த ஆக்சிலை உள்ளே ஒரு சிறு சி வடிவக் கிளிப்தான் பிடித்து நிறுத்துகிறது. ஆக்சில் முறிந்தால் சக்கரத்தோடு வெளியே வந்துவிடும். 2015க்குப் பிந்தைய மஸ்டாங்கில் பின்னால் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன். அதில் ஆபத்து வீல் ஹாப், அதாவது டயர் பிடித்து விட்டுப் பிடித்துக் குதிப்பது. அந்தக் குதிப்புதான் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ஹாஃப் ஷாஃப்டை முறிக்கிறது. சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃப்ரேமின் புஷ்ஷை இறுக்கி, நல்ல ஷாக் போட்டு, பிறகு டயரை வாங்குங்கள். ஓட்டத்தில் குதிப்பு தொடங்கினால் உடனே காலை எடுங்கள். அந்த ஓட்டம் போனால் போகட்டும்.

அப்படியானால் எது

பின்சக்கரத்தில் 500 குதிரைத்திறனுக்குள், ஸ்ட்ரிப் பக்கத்து ஊரில், மழை நாளில் கார் வெளியே வராது என்றால் ஒரே செட் வைத்துக்கொள்ளலாம். ஈடி ஸ்ட்ரீட் எஸ்எஸ், நிட்டோ என்டி555ஆர் 2 போல ஓரளவு பட்டன் உள்ள டிராக் ரேடியலை எடுங்கள். ரோட்டில் 30ஐ ஒட்டி வைத்து, ஸ்ட்ரிப்பில் 18க்கு இறக்குங்கள். தேய்மானம் சில ஆயிரம் மைல்தான் தாங்கும். ரப்பர் மென்மையாக இருப்பதால் வழியில் கிடக்கும் சரளையையெல்லாம் பொறுக்கி ஃபெண்டர் பெயின்டில் அடிக்கும். பெயின்டைப் பாதுகாக்க விரும்பினால் சக்கரத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் படலம் ஒட்டிவிடுங்கள்.

600க்கு மேலே போய்விட்டால் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டுக்கு நல்ல சம்மர் டயர், கம்பெனி ரிம்மிலேயே. ஸ்ட்ரிப்புக்கு 17 அல்லது 15 அங்குல ரிம்மில் ஈடி ஸ்ட்ரீட் ஆர் அல்லது அதற்கு இணையான ஒன்று. ஆடம்பரம் என்பவர்கள் ஹாட் ராட் டிராக் வீக்கைப் பார்க்கட்டும். 2005 முதல் நடக்கும் அந்தப் போட்டியில் ஒரு வாரத்தில் சுமார் 1,000 மைல் சொந்தக் காரையே ரோட்டில் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக ஸ்ட்ரிப்புக்குப் போக வேண்டும், துணைக்கு வேறு வண்டி வரக்கூடாது. அங்கே வருபவர்களில் பலர் காருக்குப் பின்னால் ஒரு குட்டி ட்ரெய்லரைக் கட்டி, அதில் ஸ்ட்ரிப் டயர்களை ஏற்றிக்கொண்டுதான் வருகிறார்கள். ரோட்டில் ஓடும் காரில் அதிவேகம் எட்டுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் ஒரே டயரை நம்புவதில்லை.

வாங்கும்போது பக்கச்சுவரில் டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. பட்டன் முழுசாக இருந்தாலும் வயதான டிராக் ரேடியல் உலர்ந்துபோயிருக்கும். நகத்தால் அழுத்தினால் பதிய வேண்டும். சீசன் முடிந்ததும் கழற்றி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி, வெயில் படாத, உறையாத இடத்தில் வையுங்கள்.

ஸ்ட்ரிப்பில்

30 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டும், அரை அரையாகப் பிரித்த கேஜ் ஒன்று தனியாக வேண்டும். பெட்ரோல் பங்க் கேஜில் 17க்கும் 18க்கும் வித்தியாசம் தெரியாது. காற்றை வீட்டில் அல்ல, வரிசையில் நிற்கும்போது சரிசெய்யுங்கள். ஒரு பக்க டயர் மட்டும் வெயிலில் நின்றால் அதில் அழுத்தம் ஏறும், ஒரு துணியைப் போட்டு மூடுங்கள். முன் டயரில் 35க்கு மேல் வைத்தால் உருளும் தடை குறையும்.

பட்டன் உள்ள டயரில் தண்ணீர்ப் பெட்டிக்குள் (டயரை நனைக்கத் தண்ணீர் ஊற்றி வைத்த இடம்) நேராக ஓட்டாதீர்கள். பள்ளங்களிலும் மட்கார்டிலும் தண்ணீர் ஏறி, ஸ்டார்ட்டிங் லைன் வரை சொட்டும். சுற்றிப் போய்ப் பின்னால் வந்து, விளிம்பில் ஈரம் படும்படி நின்றால் போதும். ரேடியலுக்கு நீண்ட பர்ன்அவுட் (நின்ற இடத்தில் டயரைச் சுழற்றிச் சூடேற்றுவது) வேண்டாம். லேசான புகை எழுந்ததும் காரை முன்னே உருளவிட்டு நிறுத்துங்கள். அதற்கு மேல் எரித்தால் கலவை எண்ணெய் கசிந்து வழுக்கத் தொடங்கும். பிறகு யாரையாவது தரையில் விழுந்த கறுப்புத் தடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நடு கருத்து ஓரம் மங்கலாக இருந்தால் காற்று அதிகம். ஓரம் கருத்து நடு மங்கலாக இருந்தால் காற்று குறைவு. இந்தத் தடம் எந்தப் புத்தகத்தையும்விடச் சரியாகச் சொல்லும்.

கிளம்பும் முன் டயரின் பக்கச்சுவரிலிருந்து ரிம் வரை சாக்பீஸால் ஒரு நேர்கோடு போட்டு வையுங்கள். ஓட்டம் முடிந்து பார்க்கும்போது கோடு இரண்டாக உடைந்து, ரிம்மில் ஓரிடத்திலும் டயரில் இரண்டு அங்குலம் தள்ளியும் நின்றால், ரிம் டயருக்குள் சுழன்றிருக்கிறது. பேலன்ஸ் செய்த எடை இடம் மாறிவிட்டது, திரும்பும் வழியில் 60 மைலில் ஸ்டீயரிங்கும் இருக்கையும் அதிரும். அடுத்த முறைக்கு டயர் விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் ஸ்க்ரூவோ பீட்லாக் ரிம்மோ தேவைப்படும். அன்றைக்கு, டயரை 32க்கு ஏற்றி, வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ரோட்டு டயரை எடுத்து வந்திருந்தால் கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.